யெசெனிக் மாவட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செக் குடியரசின் வடகிழக்கில், போலந்து எல்லையை ஒட்டிய யெசெனிக் மாவட்டத்தைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதன் பிறகு ஒரே ஐயங்கள் வெவ்வேறு ஆட்களிடமிருந்து திரும்பத் திரும்ப வந்தன. பெரும்பாலானவை 'மாவட்டம்' என்ற சொல்லால் வந்த குழப்பங்கள். அந்தச் சொல்லை வைத்து நாம் இயல்பாக ஊகிக்கும் பலவும் அங்கே பொருந்துவதில்லை. கேட்டவர்களின் சொற்களை மாற்றாமல் கேள்விகளை வைத்து, எளியவற்றிலிருந்து சிக்கலானவை நோக்கி வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

யெசெனிக் என்பது ஊரா, மலையா, மாவட்டமா? ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொன்றாகப் போட்டிருக்கிறார்களே?

மூன்றும்தான். யெசெனிக் என்பது ஏறத்தாழ 11 ஆயிரம் பேர் வாழும் ஒரு நகரம். அதைத் தலைமையாகக் கொண்ட மாவட்டத்துக்கும் அதே பெயர். 'யெசெனிகி' என்று இகரத்தில் முடிந்தால் அது மலைத்தொடரைக் குறிக்கும் பன்மைப் பெயர். அந்தத் தொடரின் உயர்ந்த பகுதி ஹ்ரூபி யெசெனிக் எனவும், கிழக்கே தாழ்ந்து பரந்து கிடக்கும் பகுதி நீஸ்கி யெசெனிக் எனவும் வழங்கப்படுகின்றன. பின்னது இந்த மாவட்டத்துக்குள் வராது.

இவை போதாதென்று, நோவி யிச்சின் மாவட்டத்தில் 'யெசெனிக் நாத் ஒட்ரோ' என்றொரு சிற்றூரும் இருக்கிறது. ஓடர் ஆற்றங்கரை யெசெனிக் என்பது அதன் பொருள். வரைபடத்தில் தேடுபவர்கள் சில வேளை அங்கே போய் நின்றுவிட்டு, மலை எங்கே என்று கேட்கிறார்கள்.

எவ்வளவு பெரிய மாவட்டம்? எத்தனை ஊர்கள்?

பரப்பு ஏறத்தாழ 719 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை சுமார் 37 ஆயிரம். செக் குடியரசின் மாவட்டங்களிலேயே மக்கள் மிகக் குறைவாக வாழ்வது இதில்தான். 24 உள்ளாட்சிகள் உள்ளன. அவற்றுள் யெசெனிக், யவோர்னிக், ஸ்லாடே ஹோரி, ஷூலோவா, விட்னவா ஆகிய ஐந்துக்கு மட்டும் நகரத் தகுதி உண்டு. தெற்கே ஷும்பெர்க் மாவட்டமும் தென்கிழக்கே புருன்டால் மாவட்டமும் எல்லைகள். மற்றத் திசைகளில் எல்லாம் போலந்து.

1996இல் தனி மாவட்டமாகத் தொடங்கிய காலத்தில் மக்கள்தொகை 40 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. வேலை தேடி இளைஞர்கள் மலையைக் கடந்து போவதும், போனவர்கள் திரும்பாமல் இருப்பதும் இங்கே பல ஆண்டுகளாகத் தொடரும் கவலை.

மாவட்டம் முழுக்க மலைதானா?

தெற்கும் மேற்கும் மலை. வடக்கே போகப் போகத் தரை இறங்கிக்கொண்டே வரும். தெற்கு விளிம்பில் ஹ்ரூபி யெசெனிக்கின் 1400 மீட்டர் உயர முகடுகள். மேற்கில் போலந்து எல்லையோடு சேர்ந்து ஓடும் ரிக்லெபி மலைகள். கிழக்கில் ஸ்லாடே ஹோரியைச் சுற்றிய, அவற்றைவிடத் தாழ்ந்த மலைநாடு. வடக்கில் விட்னவா நகரம் கடல்மட்டத்திலிருந்து 250 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில், ஏறக்குறைய சமவெளியில் இருக்கிறது.

இவற்றுக்கு நடுவே ஷூலோவாவைச் சுற்றியுள்ள குன்றுப் பகுதியை நான் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். செக் மொழியில் 'ஷூலா' என்றால் கருங்கல். ஊரின் பெயரே தொழிலைச் சொல்லிவிடுகிறது. பனியூழிக் காலத்தில் வடக்கிலிருந்து வந்த பெரும் பனிப்படலம் இந்த இடம் வரை எட்டியது. அது இழுத்து வந்து விட்டுப்போன வேற்று நிலத்துப் பாறைகள் இன்றும் வயல்களில் கிடக்கின்றன. கருங்கல் வெட்டி எடுத்த பழைய குழிகள் பலவற்றில் தண்ணீர் நிறைந்து, கோடையில் ஊர்ப் பிள்ளைகள் குதித்து நீந்தும் குளங்களாகிவிட்டன.

பிராத்யெட் சிகரம் இந்த மாவட்டத்தில்தானே இருக்கிறது?

இதைத்தான் அதிகம் பேர் தவறாக எழுதுகிறார்கள். பிராத்யெட் என்றால் கொள்ளுத்தாத்தா. 1491 மீட்டர் உயரமுள்ள அந்த மலை ஹ்ரூபி யெசெனிக்கிலும், செக் நாட்டின் கிழக்குப் பகுதியான மொராவியா முழுவதிலும் உயர்ந்தது. உச்சியில் தொலைக்காட்சிக் கோபுரம் ஒன்று எழுப்பியிருப்பதால் தொலைவிலிருந்தே அடையாளம் தெரியும். ஆனால் அதன் உச்சி புருன்டால் மாவட்ட எல்லைக்குள் இருக்கிறது. வடக்குச் சரிவு மட்டுமே யெசெனிக் மாவட்டத்தின் பியெலா பாட் பிராத்யெடெம் ஊராட்சியைச் சேர்ந்தது. அந்த ஊர்ப் பெயரின் பொருளும் 'பிராத்யெட்டின் அடியிலுள்ள பியெலா' என்பதே. அடிதான் இவர்களுக்கு, முடி அண்டை மாவட்டத்துக்கு.

மாவட்டத்துக்கு உரிய சிகரங்களில் உயர்ந்தது கெப்ர்னிக், 1423 மீட்டர். அதற்குப் பக்கத்தில் 1351 மீட்டர் உயரத்தில் ஷெராக். ரம்ஸோவா கணவாயிலிருந்து ஷெராக்குக்கு நாற்காலி விஞ்ச் செல்வதால், நடக்க இயலாதவர்களும் முகட்டுக்குப் போய்வருகிறார்கள். அங்கே இருக்கும் தங்குமனைக்கு ஜியார்ஜ் என்ற பொருளில் 'யிர்ஷி' மனை என்று பெயர். 1888இல் கட்டப்பட்ட அதற்கு, அப்போதைய விராத்ஸ்வாஃப் ஆயர் கியோர்க் கோப்பின் பெயரை வைத்தார்கள். செக் மலையொன்றில் போலந்து நகரத்து ஆயருக்கு என்ன வேலை என்பதற்கு, சிலேசியா பற்றிய கேள்வியில் விடை வரும்.

இந்த ஊர் ஆறுகள் ஏன் வடக்கே போலந்துக்குள் ஓடுகின்றன?

ஹ்ரூபி யெசெனிக்கின் முகடு ஐரோப்பாவின் பெரிய நீர்ப்பிரிமேடுகளில் ஒன்று. முகட்டின் வடபுறம் விழும் மழை பியெலா, விட்னவ்கா முதலிய ஆறுகளில் இறங்கி, போலந்துக்குள் நிசா ஆற்றில் சேர்ந்து, ஓடர் வழியாகப் பால்டிக் கடலை அடைகிறது. தென்புறம் விழும் மழை மொராவா ஆற்றில் கலந்து, டானூப் வழியாகக் கருங்கடலுக்குப் போகிறது. முகட்டுப் பாதையில் நடப்பவர் தம் குடையை உதறினால் வலப்பக்கத் துளி ஒரு கடலுக்கும் இடப்பக்கத் துளி இன்னொரு கடலுக்கும் போகும்.

நீர் போகும் திசைதான் இந்த மாவட்டத்தின் பல புதிர்களுக்கும் திறவுகோல். நிலம் வடக்கே சரிந்திருக்கிறது. நாட்டின் மற்றப் பகுதியோ தெற்கே, மலைக்கு அப்பால் இருக்கிறது.

நாட்டின் உள்ளேயிருந்து அங்கே போக எத்தனை வழிகள்?

முதன்மையானவை இரண்டு. ஒன்று, ஷும்பெர்க்கிலிருந்து 1013 மீட்டர் உயரமுள்ள செர்வெனோஹோர்ஸ்கே செட்லோ கணவாயைக் கடந்து வரும் 44ஆம் எண் நெடுஞ்சாலை. 'செட்லோ' என்றால் குதிரைச் சேணம்; இரு மலைகளுக்கிடையே தாழ்ந்து வளைந்த இடத்துக்குச் செக் மொழியில் அதுவே பெயர். கொண்டையூசி வளைவுகள் நிறைந்த இந்தச் சாலையில் பனிக்காலத்தில் கனரக லாரிகள் சிக்கிக்கொள்வது வழக்கம். மற்றொன்று, ஹ்ரூபி யெசெனிக்கையும் ரிக்லெபி மலைகளையும் பிரிக்கும் ரம்ஸோவா கணவாய், சுமார் 760 மீட்டர். 1888இல் போடப்பட்ட ரயில் பாதை இதன் வழியாகத்தான் ஏறி இறங்குகிறது, சாலையும் உண்டு.

கிழக்கே புருன்டால் மாவட்டத்துக்கு விடெல்ஸ்கே செட்லோ வழியாகவும் ஒரு சாலை செல்கிறது. வடக்கே போலந்துக்குப் போகக் கணவாய் எதுவும் தேவையில்லை. பல இடங்களில் சமதரையிலேயே எல்லையைக் கடக்கலாம். 2007 டிசம்பரில் இரு நாடுகளும், எல்லைச் சோதனையின்றிப் போய்வரும் ஷெங்கன் பகுதியில் சேர்ந்த பிறகு, காட்டுப் பாதையில் ஒரு வெள்ளைக் கல்லைத் தவிர எல்லைக்கு அடையாளமே இல்லாத இடங்களும் உண்டு.

யெசெனிக்கிலிருந்து கர்னோவுக்குப் போகும் ரயில் ஏன் போலந்துக்குள் நுழைந்து வெளியே வருகிறது?

இரண்டும் செக் நகரங்கள். ஆனால் நடுவில் இருக்கும் எளிதான நிலம் போலந்துடையது. ரயில் மிகுலோவிட்ஸெ நிலையத்தைக் கடந்ததும் எல்லை தாண்டி குவுஹொவாஸி நகரத்துக்குப் போய், பிறகு மீண்டும் செக் மண்ணுக்குத் திரும்புகிறது. 19ஆம் நூற்றாண்டில் பாதை போட்டவர்களுக்கு மலையைக் குடைவதைவிட அன்றைய ஜெர்மானிய அரசான பிரஷியாவுக்குள் சிறிது தூரம் போய்வருவது மலிவாக இருந்தது. நாடுகளின் பெயர்கள் மாறினாலும் தண்டவாளம் இடம் மாறவில்லை.

சரி, அங்கே மாவட்ட ஆட்சியர் யார்? ஆட்சியர் அலுவலகம் எங்கே?

யாருமில்லை, எங்குமில்லை. செக் குடியரசில் மாவட்டத்துக்கு 'ஒக்ரெஸ்' என்று பெயர். அவற்றுக்கு ஒரு காலத்தில் மாவட்ட அலுவலகங்கள் இருந்தன. 2002 டிசம்பர் 31உடன் நாடு முழுவதும் அவை அனைத்தும் கலைக்கப்பட்டன. கலைத்தது அலுவலகங்களை மட்டும்தான். மாவட்டங்கள் இன்றும் சட்டப்படி இருக்கின்றன. தலைவர் இல்லாத, ஊழியர் இல்லாத, வரவுசெலவுத் திட்டம் இல்லாத ஒரு நிலப்பிரிவு என்று அதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

மாவட்ட அலுவலகங்களின் பணிகளில் ஒரு பகுதி, 'கிராய்' எனப்படும் மண்டலங்களுக்குப் போனது. பெரும்பகுதி, 2003 ஜனவரி 1 முதல் 'விரிந்த அதிகாரம் பெற்ற உள்ளாட்சி' என்ற புதிய தகுதியைப் பெற்ற 205 நகரங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. யெசெனிக் நகரம் அவற்றுள் ஒன்று.

அலுவலகமே இல்லை என்றால் மாவட்டம் என்று ஒன்று எதற்கு?

நீதிமன்றத்துக்கு வேண்டும். யெசெனிக்கில் மாவட்ட நீதிமன்றம் இன்றும் நடக்கிறது. ஆவணக் காப்பகத்துக்கு வேண்டும். புள்ளிவிவரத்துக்கு மிகவும் வேண்டும்: ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் ஒப்பிடத்தக்க தகவல்களைத் திரட்ட நிலப்பிரிவுகளுக்குக் குறியீடுகள் தரப்பட்டுள்ளன, அதில் 071 என்பது யெசெனிக் அடங்கிய ஒலொமோட்ஸ் மண்டலம், 0711 என்பது யெசெனிக் மாவட்டம். வேலையின்மை விகிதம் முதல் பிறப்பு இறப்பு வரை செய்தித்தாளில் வரும் எண்கள் பெரும்பாலும் மாவட்ட வாரியாகவே இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பேச்சு வழக்கு இருக்கிறது. எந்த ஊர் என்று கேட்டால் மாவட்டத்தின் பெயரைச் சொல்லும் பழக்கம் மக்களிடம் போகவில்லை. 2001இல் வண்டி எண்களை மண்டல வாரியாக மாற்றும்வரை, இந்த மாவட்டத்து வண்டிகளில் யெசெனிக்கைக் குறிக்கும் 'JE' எழுத்துகள் இருந்தன. பழைய வண்டி ஒன்றில் அந்தத் தகட்டைப் பார்த்தால் இன்றும் முகம் மலர்பவர்கள் உண்டு.

விரிந்த அதிகாரம் என்றால் என்ன? ஒரு சாதாரண ஆள் எதற்கு எங்கே போக வேண்டும்?

மாவட்டத்தின் மேற்குக் கோடியில், போலந்து நிலத்துக்குள் நாக்கு நீட்டியதுபோல் இருக்கும் பீலா வோடா என்ற சிற்றூரில் ஒருவர் வாழ்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் வளர்க்கும் நாய்க்கான ஆண்டுக் கட்டணம், குப்பைக் கட்டணம், தெருவிளக்கு ஆகியவற்றுக்குத் தம் ஊராட்சி அலுவலகமே போதும். அதற்கு மேற்பட்ட சில பணிகளுக்கு, 'பொறுப்பளிக்கப்பட்ட அலுவலகம்' உள்ள யவோர்னிக் செல்ல வேண்டும். இந்த இடைநிலைத் தகுதி மாவட்டத்தில் யெசெனிக், யவோர்னிக், ஸ்லாடே ஹோரி ஆகிய மூன்று நகரங்களுக்கு உண்டு. குழந்தைகள் பாதுகாப்பு, ஆற்றோரத்தில் எதையாவது கட்டுவதற்கான நீர்வளத் துறை அனுமதி போன்றவற்றுக்கு, விரிந்த அதிகாரம் பெற்ற யெசெனிக் நகர அலுவலகம். கடவுச்சீட்டுக்கும் வண்டிப் பதிவுக்கும் முன்பு அங்கேதான் போக வேண்டும். இப்போது நாட்டில் இத்தகுதியுள்ள எந்த நகரத்திலும் விண்ணப்பிக்கலாம். உயர்நிலைப் பள்ளியோ இரண்டாம், மூன்றாம் தரச் சாலைகளோ என்றால் அவை ஒலொமோட்ஸ் மண்டலத்தின் பொறுப்பு.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. யெசெனிக் நகர அலுவலகம் இரண்டு வேலைகளைச் செய்கிறது. பூங்காவும் நகரப் பேருந்தும் நகரத்தின் சொந்த அதிகாரத்தில் வருபவை. அதற்கு நகர மன்றமே எசமான். வண்டிப் பதிவு போன்றவை அரசு ஒப்படைத்த அதிகாரத்தில் செய்பவை. அங்கே நகர மன்றம் தலையிட முடியாது, மேற்பார்வை மண்டல அலுவலகத்துடையது. அலுவலகச் செயலரை மேயர் நியமித்தாலும், மண்டல அலுவலக இயக்குநரின் ஒப்புதல் பெற்றே நியமிக்க முடியும் என்பது இதனால்தான்.

விரிந்த அதிகாரப் பகுதியும் மாவட்டமும் ஒன்றா, வேறா?

பொதுவாக வேறு. ஒரு மாவட்டத்துக்குள் இத்தகைய நகரங்கள் பல இருக்கும். யெசெனிக் மாவட்டத்தில் ஒன்றே ஒன்றுதான். ஆகவே இங்கே இரண்டின் எல்லையும் அப்படியே பொருந்திவிடுகின்றன. கலைக்கப்பட்ட மாவட்ட அலுவலகத்தின் இடத்தில் நகர அலுவலகம் உட்கார்ந்துகொண்டது என்று இங்குள்ளவர்கள் நினைப்பதில் வியப்பில்லை. நடைமுறையில் ஏறக்குறைய அதுதான் நடந்தது. ஆனால் இதைப் பார்த்துவிட்டு நாடு முழுவதும் இப்படித்தான் என்று எழுதிவிடக் கூடாது.

1996இல் புதிதாக ஒரு மாவட்டம் உருவாக்கி, ஏழே ஆண்டில் அலுவலகத்தை மூடினார்களா? இதென்ன கூத்து?

கேலிக்குரியதாகத் தோன்றினாலும் அதற்குக் காரணம் உண்டு. இங்கே 1850 முதலே ஒரு மாவட்டம் இருந்தது. 1960இல் செக்கோஸ்லோவாக்கிய அரசு நிர்வாகப் பிரிவுகளைத் திருத்தி, மாவட்டங்களின் எண்ணிக்கையைப் பாதிக்கும் கீழே குறைத்தபோது, யெசெனிக்கை ஷும்பெர்க்குடன் இணைத்தார்கள். வரைபடத்தில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பகுதிகள். நடுவில் இருப்பது மேலே சொன்ன 1013 மீட்டர் கணவாய். ஒரு முத்திரை வாங்குவதற்குப் பனியில் மலை ஏறி இறங்க வேண்டியிருந்தது. 36 ஆண்டுகள் அப்படியே போயின.

1989இல் பொதுவுடைமைக் கட்சி ஆட்சி முடிந்த பின், பழைய மாவட்டத்தைத் திருப்பித் தரக் கோரிக்கை எழுந்தது. 1996 ஜனவரி 1 அன்று யெசெனிக் தனி மாவட்டமாயிற்று. நாட்டின் மாவட்டங்களுள் மிக இளையது இதுவே. பிறகு 2002இல் வந்தது நாடு தழுவிய சீர்திருத்தம், யெசெனிக்கைக் குறிவைத்ததன்று. அலுவலகம் போனாலும் மலைக்கு இப்புறமே வேலைகளை முடித்துக்கொள்ளும் வசதி போகவில்லை. மக்கள் போராடியது அதற்காகத்தான் என்பதால், கேட்டது கிடைத்தது என்றே நான் கருதுகிறேன்.

யெசெனிக் மொராவியாவா, சிலேசியாவா?

பெரும்பகுதி சிலேசியா, அதாவது இன்று பெரும்பாலும் போலந்திலும் சிறிதளவு செக் குடியரசிலும் அடங்கிய பழைய வரலாற்று நிலம். இடைக்காலம் முதல் இந்த நிலம் விராத்ஸ்வாஃப் ஆயர்களின் நிசா சிற்றரசைச் சேர்ந்தது. 1742இல் ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசா சிலேசியாவின் பெரும்பகுதியைப் பிரஷியாவிடம் இழந்தார். அப்போது போட்ட எல்லைக்கோடு ஆயர்களின் நிலத்தைக் குறுக்கே வெட்டியது: தலைநகர் நிசா பிரஷியாவுக்கும், மலையடிவாரம் ஆஸ்திரியாவுக்கும் போயின. ஆயர்கள் யவோர்னிக்கிலுள்ள யான்ஸ்கி வ்ர்க் கோட்டையைக் கோடை மாளிகையாக வைத்துக்கொண்டு, எல்லைக்கு இப்புறமும் நிலக்கிழார்களாகவே நீடித்தார்கள். ஷெராக் மலைத் தங்குமனையின் பெயர் அந்த உறவின் எச்சம்.

ஆஸ்திரியச் சிலேசியா தனி நிலமாக இருந்தது 1928 வரைதான். அப்போது மொராவியாவோடு இணைக்கப்பட்டது. இன்று செக் சிலேசியாவின் பெரும்பகுதி, ஒஸ்ட்ராவாவைத் தலைமையாகக் கொண்ட மொராவிய-சிலேசிய மண்டலத்தில் இருக்கிறது. பெயரிலேயே சிலேசியாவைக் கொண்ட அந்த மண்டலத்தில் சேராமல், யெசெனிக் ஒலொமோட்ஸ் மண்டலத்தில் இருப்பது பலருக்கும் விந்தை. 1949 முதல் 1960 வரையிலும் அது ஒலொமோட்ஸின் கீழ்தான் இருந்தது. சாலையும் ரயிலும் மலை தாண்டி அத்திசையில்தான் போகின்றன.

பழைய ஆவணங்களில் ஃப்ரைவால்டாவ் என்று இருக்கிறது. வேறு ஊரா?

அதே ஊர்தான். ஜெர்மானியப் பெயர் ஃப்ரைவால்டாவ். செக் மொழியில் ஃபிரீவால்டோவ் என்றார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இப்பகுதியின் ஜெர்மன் மொழி பேசிய மக்கள் வெளியேற்றப்பட்டு, வேறு பகுதிகளிலிருந்து வந்தவர்கள் குடியமர்ந்தார்கள். 1947இல் நகரத்துக்கு யெசெனிக் என்று பெயரிடப்பட்டது. ஆகவே 'யெசெனிக்' என்று மட்டும் தேடினால் அதற்கு முந்தைய வரலாறு கிட்டாது. நீர்ச்சிகிச்சைக்குப் பெயர்பெற்ற வின்சென்ஸ் பிரீஸ்னிட்ஸ் (1799–1851) பற்றித் தேடுபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்: அவர் 1822இல் சிகிச்சை தொடங்கிய இடம் நூல்களில் கிராஃபென்பெர்க் என்றே இருக்கும். அது நகரத்துக்கு மேலேயுள்ள குன்று.

மண்டலம் ஒலொமோட்ஸ் என்கிறீர்கள். மேல்முறையீடு மட்டும் ஏன் ஒஸ்ட்ராவா நீதிமன்றத்துக்குப் போகிறது?

2000இல் புதிய மண்டலங்கள் வந்தபோது நீதித்துறை அவற்றைப் பின்பற்றவில்லை. அது 1960இன் பழைய பெருமண்டலங்களையே இன்றும் வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் யெசெனிக் வட மொராவியாவைச் சேர்ந்தது. அதன் தலைமை ஒஸ்ட்ராவா. ஆனால் ஒஸ்ட்ராவா மண்டல நீதிமன்றத்துக்கு ஒலொமோட்ஸில் ஒரு கிளை உண்டு. யெசெனிக் வழக்குகள் அந்தக் கிளைக்கே போகின்றன. எனவே தீர்ப்பின் தலைப்பில் ஒஸ்ட்ராவா என்றிருக்கும், வழக்காடுபவர் போய் நிற்பது ஒலொமோட்ஸில்.

ஆவணக் காப்பகம் இன்னொரு திசை. யெசெனிக் மாவட்டக் காப்பகம் ஓபவா நகரிலுள்ள நிலக் காப்பகத்தின் கீழ் வருகிறது. ஓபவா பழைய ஆஸ்திரியச் சிலேசியாவின் தலைநகர்.

2024 வெள்ளத்தின்போது மாவட்டத்தில் யார் பொறுப்பு வகித்தது?

2024 செப்டம்பர் நடுவில் மூன்று நான்கு நாள் பெய்த மழையில், மலை முகடுகளையொட்டிச் சில இடங்களில் 400 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. வடக்கிலிருந்து வந்த ஈரக்காற்று முகட்டில் மோதி, வடபுறச் சரிவிலேயே பொழிந்துவிட்டது. பியெலா ஆறு குறுகிய பள்ளத்தாக்கில் சில மணி நேரத்தில் ஏறி, வீடுகளையும் பாலங்களையும் சாலையையும் ரயில் பாதையையும் அரித்துக்கொண்டு, எல்லைக்கு அப்பால் குவுஹொவாஸி நகரத்தையும் தாக்கியது. 1997 ஜூலை வெள்ளத்தை நினைவில் வைத்திருந்தவர்களுக்கே இது புதிதாக இருந்தது.

பொறுப்பைப் பொறுத்தவரை, முன்னர் சொன்ன பகிர்வே இங்கும் செல்லும். விரிந்த அதிகாரம் பெற்ற நகரத்தின் மேயர் தம் பகுதி முழுமைக்குமான நெருக்கடிக் குழுவுக்குத் தலைவர். ஆகவே யெசெனிக் மேயர் தம் நகரத்துக்கு மட்டுமின்றி 24 உள்ளாட்சிகளுக்கும் சேர்த்துச் செயல்பட வேண்டியவர். அதற்கு மேல், அபாய நிலை அறிவிக்கும் அதிகாரம் 'ஹெய்ட்மன்' எனப்படும் மண்டலத் தலைவருக்கு உண்டு. நெருக்கடி நிலை என்றால் மத்திய அரசு. இந்த ஏணியில் 'மாவட்டம்' என்ற படி எங்கும் இல்லை.

அப்படியானால் மாவட்ட எல்லை அந்த நீர்ப்பிரி முகட்டிலேயே ஓடுகிறது என்று எழுதலாமா?

எழுதக் கூடாது, நானும் முதலில் அப்படித்தான் எழுதிவிட்டுத் திருத்தினேன். ஒஸ்ட்ருஷ்னா என்ற ஊராட்சி ரம்ஸோவா கணவாயின் தெற்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன் வழியே ஓடும் பிரன்னா ஆறு ஷும்பெர்க் மாவட்டத்துக்குள் இறங்கி மொராவாவில் கலக்கிறது. அதாவது ஒஸ்ட்ருஷ்னாவின் தண்ணீர் கருங்கடலுக்குப் போகிறது. அதன் அலுவலகக் காகிதங்கள் கணவாய் ஏறி, மறுபக்கம் இறங்கி யெசெனிக்குக்கு வருகின்றன. ரம்ஸோவா ரயில் நிலையமும் நாற்காலி விஞ்ச்சின் அடிநிலையமும் இந்த ஊராட்சிக்குள்தான் இருக்கின்றன.